மாணவர்களின் உடலளவும் உடல்நலமும்

மாணவ மாணவியரே! ஆண்டுக்கு ஒரு முறையேனும் பள்ளிக்கூடத்தில் உயரமும் எடையும் பார்க்கும் நாள் ஒன்று வருவதை நீங்கள் அறிவீர்கள். சுவரில் பொருத்திய அளவுகோலின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறீர்கள். எடைக் கருவியின் மேல் ஏறி இறங்குகிறீர்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்கிறார். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடுகிறது. அந்த எண்கள் பிறகு எங்கே போகின்றன, அவற்றால் யாருக்கு என்ன பயன் என்று உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவனாகப் பல ஆண்டுகள் பணி செய்த நானே அக்கேள்வியை நெடுநாள் சரியாகக் கேட்டதில்லை. கேட்கும்படி செய்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011-ஆம் ஆண்டில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவனுடைய எடையையும் ஆசிரியர் ஒருவர் உரக்கப் படித்தார். அகன்ற தோளும் பருத்த உடலும் உடைய ஒரு சிறுவன் ஏறி நின்றபோது வகுப்பிலேயே பெரிய எண் வந்தது. மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். நானும், "தம்பி, சோற்றைக் குறைத்துக்கொள்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். அவனுக்கு அடுத்து வந்தவன் ஒல்லியான பையன், கைகால்கள் மெலிந்தவை, தளர்ந்த சட்டை அணிந்திருந்தான். எடையும் உயரமும் ஒழுங்காக இருந்தன. "உடம்பு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று அவன் முதுகில் தட்டி அனுப்பினேன். ஒருவனைக் கண்டித்தேன்; ஒருவனைப் பாராட்டினேன். இரண்டும் பிழை என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். அவை எவ்வாறு பிழையாயின என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், உடலை அளப்பது என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பிள்ளைகளின் உடலை முறையாக அளந்து குறித்துவைக்கும் வழக்கம் பிரெஞ்சு நாட்டில் ஒரு தந்தையிடமிருந்து நமக்குக் கிடைத்தது. மான்ட்பெய்லார் பிரபு என்பவர் 1759-இல் பிறந்த தம் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதத்திற்கு ஒரு முறை அளந்து, அவன் பதினெட்டு வயதை எட்டிய 1777 வரையில் விடாமல் எழுதிவைத்தார். இயற்கை நூலறிஞர் பூஃபோன் அக்குறிப்பைத் தம் நூலில் சேர்த்து வெளியிட்டார். அதைக் கோடாக வரைந்து பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பிள்ளை ஒரே சீராக வளர்வதில்லை. கைக்குழந்தைப் பருவத்தில் விரைவாக வளர்ந்து, பின்னர் வேகம் தணிந்து, குமரப் பருவத்தில் மீண்டும் ஒருமுறை விரைந்து ஓங்குகிறது. ஆகவே ஒரு நாள் எடுத்த ஓர் அளவைவிட, ஆண்டுதோறும் எடுத்த அளவுகளின் தொடர்ச்சியே பொருள் உடையது. ஒரு நாளின் அளவு புகைப்படம் போன்றது. பத்து ஆண்டுகளின் அளவு வரலாறு.

அடுத்தபடியாக, எடையை எப்படி மதிப்பிடுவது? உயரமானவன் குட்டையானவனைவிட அதிக எடை இருப்பது இயல்பு. அதனால் எடையை மட்டும் கொண்டு இருவரை ஒப்பிட முடியாது. பெல்ஜிய நாட்டுக் கணித அறிஞரும் வானநூல் வல்லுநருமான கெத்தலே, 1835-இல் வெளியிட்ட நூலில், வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தைப் பின்பற்றிச் செல்கிறது என்று காட்டினார். அவர் பருமனைப் பற்றி ஆராயவில்லை. சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்பதே அவருடைய ஆராய்ச்சி. அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் 1972-இல் அக்கணக்குக்கு உடல் நிறை எண் என்னும் பெயரைச் சூட்டினார். கணக்கு எளிது. எடையைக் கிலோகிராமில் எடுத்துக்கொண்டு, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ளவருக்கு, 45-ஐ 1.5-ஆல் வகுத்தால் 30, மறுபடியும் 1.5-ஆல் வகுத்தால் 20. அவருடைய உடல் நிறை எண் 20.

வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணை நேராகப் படித்துவிடலாம். பிள்ளைகளுக்கு அப்படிப் படிக்க முடியாது. குழந்தை ஒரு வயதைக் கடந்தபின் இந்த எண் மெல்லக் குறைந்துகொண்டே வந்து, ஐந்து ஆறு வயதளவில் மிகத் தாழ்ந்து நின்று, பிறகு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. பதினேழு வயது இளைஞனுக்கு 20 என்பது ஒழுங்கான எண். ஆறு வயதுச் சிறுவனுக்கு அதே 20 மிகுந்த பருமனைக் குறிக்கும். ஆதலின் பிள்ளையின் எண்ணை அதே வயதும் அதே பாலும் உடைய பிற பிள்ளைகளின் எண்களோடு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதற்கென வரைந்தவையே வளர்ச்சி வரைபடங்கள். ஐந்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. நம் நாட்டுப் பிள்ளைகளுக்கெனக் குழந்தை மருத்துவர்களின் இந்திய அமைப்பு 2015-இல் தனி வரைபடத்தை வெளியிட்டது. இந்திய வரைபடத்தில் எடை மிகுதி என்னும் கோடு சற்றுத் தாழ்வாகவே வரையப்பட்டிருக்கிறது. மற்ற நாடுகளில் வளர்ந்தவர்களுக்கு 25-ஆவது எண்ணில் ஒலிக்கும் எச்சரிக்கை மணி, இந்தியருக்கு 23-லேயே ஒலிக்க வேண்டும் என்பது அதன் கருத்து. இது ஏன்?

புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர். 1993-இல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்றில், புனேயைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை அவரும் அவர் கூட்டத்தாரும் அளந்து, இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். ஆங்கிலக் குழந்தையின் சராசரி எடை 3.5 கிலோ, நம் சிற்றூர்க் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ. வயிறும் கையும் சுருங்கி, தசை குறைந்து, எல்லாவற்றிலும் சிறிதாக இருந்த அக்குழந்தையிடம் ஒன்று மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. முதுகுத் தோலின் கீழ் மடித்துப் பிடித்து அளக்கும் கொழுப்பே அது. கருவில் போதிய ஊட்டம் கிடைக்காத காலத்தில், உடல் தசையை விட்டுக்கொடுத்துக் கொழுப்பைச் சேமித்துக்கொள்கிறது போலும்! மெலிந்தும் இருக்கிறது, கொழுத்தும் இருக்கிறது. இத்தகைய குழந்தையை 'மெலிந்த கொழுத்த குழந்தை' என்றே அவர்கள் அழைத்தார்கள்.

2004-இல் அதே மருத்துவர், ஜான் யட்கின் என்னும் ஆங்கில மருத்துவரோடு சேர்ந்து ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். அதில் இருவருடைய படமும் அருகருகே இருந்தது. இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே; 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்தபோது, ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கும், இந்தியருக்கு நூற்றுக்கு 21.2 பங்கும் இருந்தன. தராசு இருவரையும் ஒன்றெனச் சொல்லிற்று. உடலோ வேறு கதையைச் சொல்லிற்று. தராசின் மேல் குற்றமில்லை. எடை எவ்வளவு என்று கேட்டால் அது சொல்லும். அந்த எடை எலும்பா, தசையா, கொழுப்பா என்று அதனிடம் கேட்டால் அதற்கு விடை தெரியாது.

கொழுப்பு உடலில் இருப்பதே தீங்கு என்று எண்ணிவிடாதீர்கள். கொழுப்பின்றி உயிர் வாழ்வு இல்லை. குமரப் பருவத்துப் பெண்ணின் உடல் கொழுப்பைச் சேர்ப்பது வளர்ச்சியின் ஒரு பகுதி. எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மார்செய் நகரத்து மருத்துவர் ழான் வாக் 1947-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். தொடையிலும் இடுப்பின் கீழ்ப்புறத்திலும் தோலுக்கடியில் தங்கும் கொழுப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது. வயிற்றுக்குள் குடலையும் ஈரலையும் சூழ்ந்து தங்கும் கொழுப்பே தொல்லை தருகிறது. அது எவ்வாறு தொல்லை தருகிறது என்பதைச் சற்று விளக்குகிறேன்.

உண்ட உணவை ஆற்றலாகவும் உடற்பொருளாகவும் மாற்றும் இடையறாத வேலைக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். நாம் உண்ணும் சோறும் இட்டிலியும் செரித்துக் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. உடனே வயிற்றின் பின்புறத்தில் உள்ள கணையம் இன்சுலின் என்னும் சுரப்பை விடுகிறது. இன்சுலின் சென்று தட்டியதும் தசைகள் கதவைத் திறந்து சர்க்கரையை ஏற்றுக்கொள்கின்றன. கல்லீரலும் தன் பங்குக்குச் சேமித்துக்கொள்கிறது. இரத்தத்தின் சர்க்கரை பழைய நிலைக்கு வருகிறது. தசைகளே சர்க்கரையைப் பெரும்பகுதியாக வாங்கிக்கொள்பவை என்பதை நினைவில் வையுங்கள். தசை குறைந்தவனுக்குச் சர்க்கரையை வாங்கும் இடமும் குறைவு.

வயிற்றுக்குள் கொழுப்பு மிகும்போது அதிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேரே கல்லீரலைச் சென்றடைகின்றன. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்புப் படிகிறது. அப்பொழுது இன்சுலின் தட்டினாலும் கதவு எளிதில் திறப்பதில்லை. கணையம் என்ன செய்கிறது? ஒரு பங்கு அனுப்பிய இடத்தில் இரண்டு பங்கு இன்சுலினை அனுப்புகிறது. கதவும் ஒருவாறு திறக்கிறது. இரத்தத்தைச் சோதித்தால் சர்க்கரை ஒழுங்காகவே இருக்கும். வெளியில் ஒன்றும் தெரியாது. இவ்வாறு பல ஆண்டுகள் கணையம் இரட்டை வேலை செய்து, இறுதியில் ஈடுகொடுக்க முடியாமல் தளரும்போதுதான் சர்க்கரை ஏறுகிறது. குமரப் பருவத்தில், வளர்ச்சியின் பொருட்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சுலினின் வேகம் சில ஆண்டுகள் இயல்பாகவே சற்று மந்தப்படுகிறது. மற்றவர்கள் அதை எளிதில் கடந்துவிடுவார்கள். முன்னமே சுமை ஏறிய கணையத்திற்கு அதுவே சோதனைக் காலம்.

வயிற்றுக்குள் உள்ள கொழுப்பை எப்படி அறிவது? பெரிய மருத்துவமனைகளில் அதற்குக் கருவிகள் உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்திற்குத் தையற்காரரின் அளவு நாடா போதும். இடைச் சுற்றளவை அளந்து, அது உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். வயதுக்கேற்ற அட்டவணை பார்க்க வேண்டியதில்லை. 140 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறுமியின் இடை 70-க்குள்ளும், 160 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறுவனின் இடை 80-க்குள்ளும் இருக்க வேண்டும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிக் குறிப்புகள் 2022-இல் ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த அளவைப் பயன்படுத்தலாம் என்று ஏற்றுக்கொண்டன. அது எடைக்கும் உடல் நிறை எண்ணுக்கும் மாற்று அன்று. அவை கேட்க முடியாத கேள்வியைக் கேட்கும் துணை.

இனி அந்த இரண்டு பிள்ளைகளிடம் திரும்பி வருவோம். 2013-இல், நான் முதுகில் தட்டி அனுப்பிய ஒல்லிப் பையனை அவன் தாயார் என்னிடம் அழைத்து வந்தார். பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். "ஐயா, இவன் கழுத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகமாட்டேன் என்கிறது" என்றார் அந்த அம்மையார். பார்த்தேன். பின்கழுத்தில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல் இருந்தது. தேய்த்துத் தேய்த்து ஓரிரு இடங்களில் புண்ணாகியும் இருந்தது. அது அழுக்கு அன்று. இரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருக்கும்போது தோலின் உயிரணுக்கள் மிகையாகப் பெருகுவதால் தோன்றும் அடையாளம் அது. கழுத்திலும் அக்குளிலும் அது தோன்றும். அவன் தந்தைக்கு நீரிழிவு நோய் இருந்தது.

அன்று அவன் உயரம் 156 சென்டிமீட்டர். எடை 49 கிலோ. உடல் நிறை எண் 20-ஐ ஒட்டியிருந்தது. பதினைந்து வயதுக்கு அது குறைசொல்ல முடியாத எண். நாடாவை எடுத்து இடையைச் சுற்றி வைத்தேன். 80 சென்டிமீட்டர்! உயரத்தில் பாதி 78 தான். தளர்ந்த சட்டை மறைத்துவைத்திருந்த சிறு தொந்தியை நான் முன்பு பார்க்கவே இல்லை. மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 108 மில்லிகிராம் இருந்தது. 100-க்குள் இருந்தால் இயல்பு. 126-ஐ எட்டினால் நீரிழிவைக் குறிக்கும். இடையில் உள்ளது நீரிழிவின் வாயிற்படி. அவன் அந்த வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தான். அவனைத்தான் 'உடம்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று நான் காட்டினேன்.

மற்றவனைப் பற்றி ஆசிரியரிடம் விசாரித்தேன். அவன் பள்ளியின் கபடிக் குழுவில் இருந்தவன். நான் சொன்ன சொல்லுக்குப் பிறகு சில நாட்கள் நண்பகலில் உண்ணாமல் இருந்தானாம். கபடிச் சட்டையை அணிந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று மைதானத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டானாம். பசியைப் பொறுக்கமாட்டாமல் மாலையில் கடைத் தின்பண்டங்களைத் தின்று வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் எடை வரைபடத்தின் கோட்டைத் தாண்டியிருந்தது உண்மை. ஆயினும் அவனுக்கு மருந்தாக இருந்தது அந்த மைதானமே. அதை நான் பறித்துவிட்டேன். 2013-இல் அளந்தபோது அவன் இடையும் பாதியைக் கடந்திருந்தது. 2011-இல் அது எவ்வளவு இருந்தது என்று சொல்ல என்னிடம் குறிப்பு இல்லை; அன்று நான் நாடாவை எடுக்கவே இல்லை.

இது இரண்டு பிள்ளைகளின் கதை மட்டுமன்று. 2016 முதல் 2018 வரை இந்திய அரசு நாடு முழுவதும் பிள்ளைகளின் ஊட்டநிலையை அளந்து ஓர் ஆய்வு நடத்திற்று. பத்து முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேர் வயதுக்குத் தகாதபடி மெலிந்திருந்தார்கள். நூற்றுக்கு 5 பேரே எடை மிகுந்தவர்கள். ஆனால் நீரிழிவின் வாயிற்படியில் நின்றவர்களோ நூற்றுக்கு 10 பேர். இந்த எண்களைச் சற்று நிறுத்திப் பாருங்கள். எடை மிகுந்தவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் அந்தப் பத்துப் பேருக்கு ஈடாகவில்லை. வாயிற்படியில் நிற்கும் பலரைப் பருத்த உடலைக் கொண்டு அடையாளம் காண முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நம் மாநிலத்தில் காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. 1982-இல் அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் சேர்ந்தது. அந்நாளில் பள்ளிப் பிள்ளையின் உடலைப் பார்த்துக் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இப்பிள்ளை பசித்திருக்கிறதா?' என்பதே. அக்கேள்வி இன்றும் தீர்ந்துவிடவில்லை. அதனோடு இரண்டாவது கேள்வியும் சேர்ந்திருக்கிறது. ஒரே வகுப்பில், சில வேளை ஒரே உடலில், பற்றாக்குறையும் மிகுதியும் கூடி வாழ்கின்றன. ஆகவே கேட்பவர் இரண்டையும் கேட்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

அளப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன்; தவறாக அளந்த எண் அளக்காத எண்ணைவிடக் கெடுதி. உயரம் பார்க்கும்போது செருப்பும் தலைமேல் கொண்டையும் இருத்தலாகாது. குதிகால், பின்புறம், முதுகு ஆகியவை சுவரைத் தொட வேண்டும். பார்வை நேராக இருக்க வேண்டும். முகவாயைத் தூக்கினால் ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். எடையைக் கனத்த உடைகளையும் பையில் உள்ள பொருள்களையும் நீக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். இடையை அளக்கும்போது, விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்ற வேண்டும். இறுக்கவும் கூடாது, தளர விடவும் கூடாது. மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் எண்ணைப் படிக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நாடாவை ஏமாற்றலாம். கணையத்தை ஏமாற்ற முடியாது.

எண் கோட்டைக் கடந்திருந்தால் என்ன செய்வது? முதலாவதாக, அஞ்ச வேண்டாம். நாடா சொல்வது தீர்ப்பு அன்று. அது ஒரு கேள்வி. அக்கேள்விக்கு விடை காண மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடும்பத்தில் நீரிழிவு உண்டா என்பதைச் சொல்ல வேண்டும். தேவையானால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இரண்டாவதாக, நீங்களாகவே பட்டினி கிடக்க வேண்டாம். வளரும் பருவத்துக்கு ஒரு தனிச் சலுகை இருக்கிறது. வளர்ந்தவர்கள் பாடுபட்டு எடையைக் குறைக்க வேண்டும். வளரும் பிள்ளைகளிற் பலருக்கோ எடை மேலும் ஏறாமல் நின்றாலே போதும். உயரம் பின்னாலேயே வந்து அதைச் சரிக்கட்டிவிடும்.

அந்த ஒல்லிப் பையனுக்கு நான் சொன்னவை எளியவை. அவனுக்குக் குறைவாக இருந்தது தசை. தசை உழைப்பினால் வளரும். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஓடலாம், மிதிவண்டி ஓட்டலாம், கபடி ஆடலாம், கயிறு தாண்டலாம், வீட்டுக்கு நீர் சுமக்கலாம். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் துணையை அவ்வளவாக எதிர்பாராமலே சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது என்பது இயற்கை நமக்குத் தந்த பெரிய கொடை. பத்தாம் வகுப்பு என்றால் விளையாட்டை நிறுத்திவிட வேண்டும் என்று அவன் வீட்டார் எண்ணியிருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தை அவனுக்குத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டேன்.

உணவிலும் சில மாற்றங்கள் செய்தார்கள். புட்டியில் அடைத்து விற்கும் இனிப்புப் பானம் 300 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. தேக்கரண்டியால் அளந்தால் ஏழெட்டுக் கரண்டி. அதை விட்டுவிட்டு மோரும் நீரும் குடித்தான். தட்டில் சோறு சற்றுக் குறைந்து, அந்த இடத்தில் சுண்டலும் பருப்பும் முட்டையும் கீரையும் ஏறின. நள்ளிரவு வரை கண்விழிப்பதை நிறுத்தி எட்டு மணி நேரம் உறங்கினான். உறக்கம் குறைந்தால் பசி மிகும், இன்சுலினின் வேலையும் கெடும் என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. ஓராண்டு சென்றபின் மறுபடியும் அளந்தோம். உயரம் 161 சென்டிமீட்டர்; இடை 79. பாதி 80.5 ஆதலால் இடை பாதிக்குள் வந்துவிட்டது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 95 ஆக இறங்கியிருந்தது. கழுத்தின் கறுப்பு முற்றும் நீங்கவில்லை, வெளுக்கத் தொடங்கியிருந்தது. அவன் தாயார் நாரை வைத்துத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

கபடி ஆடியவனிடம் நான் சென்று, "தம்பி, அன்று நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பரவாயில்லை சார்" என்றான். பிள்ளைகள் பெரியவர்களை மன்னிக்கும்போது சொல்லும் சொல் அது. பரவாயில்லை என்று சொல்லிவிட்டானே ஒழிய, அந்த ஆண்டு அவன் மைதானத்துக்குத் திரும்பவில்லை. சர்க்கரைக்கு மருந்து உண்டு. சிரிப்பினால் உண்டான புண்ணுக்கு நான் எழுதித் தரக்கூடிய மருந்து ஒன்றும் இல்லை.

அன்று முதல் நான் போகும் பள்ளிகளில் இரண்டு வழக்கங்களைக் கடைப்பிடித்து வருகிறேன். அளவுகளைத் தனியறையில், ஒவ்வொருவராக அழைத்து எடுக்கிறோம். எண்ணை உரக்கப் படிப்பதில்லை. அது அந்த மாணவருக்கும் பெற்றோருக்கும் மட்டுமே உரியது. உயரம், எடை, இடை ஆகிய மூன்றையும் ஒல்லி, பருமன் என்ற வேற்றுமை பாராமல் எல்லாருக்கும் எடுத்து, முந்திய ஆண்டின் எண்ணுக்கு அருகிலேயே எழுதுகிறோம்.

மாணவ மாணவியரே! அடுத்த முறை உங்கள் பள்ளியில் அளவெடுக்கும் நாள் வரும்போது, உங்கள் எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அதைத் தொடருங்கள். இடை உயரத்தில் பாதிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவனுடைய எண்ணை எட்டிப் பார்க்க வேண்டாம். அவன் உடலைக் கண்டு சிரிக்கவும் வேண்டாம். பருத்தவன் நோயாளி என்றும் மெலிந்தவன் நலமுள்ளவன் என்றும் கண்ணால் மட்டும் கண்டு தீர்ப்புச் சொல்வது எவ்வளவு எளிதோ அவ்வளவு தவறு. அதை நான் செய்து கற்றுக்கொண்டேன். நீங்கள் செய்யாமலே கற்றுக்கொள்ளலாம்.